ஆர்டர் பை போடாமலே வரிசையாத்தானே வருது?

பூட்டுச்சாவி · 4 மார்ச் 2024, காலை 10:12

மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ், இன்னோடிபி (டேட்டாவைச் சேமிக்கிற இஞ்சின்). ‘மாணவர்’ டேபிள்ல ஐடிதான் ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் தனி அடையாளம்). ‘செலக்ட் * ஃப்ரம் மாணவர்’ போட்டா எப்பவும் ஐடி வரிசையிலதான் வருது. ஆனா கோட் ரிவ்யூல ‘ஆர்டர் பை ஐடி’ (ஐடிப்படி வரிசைப்படுத்து) சேர்த்தே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. க்ளஸ்டர்டு இண்டெக்ஸ் (இண்டெக்ஸ்னா வரிசையா அடுக்கின தேடல் பட்டியல்), டேட்டாவே அந்த வரிசையிலதான் இருக்கு. ஏற்கெனவே வரிசையா இருக்கிறதை மறுபடி ஸார்ட் பண்ணி ஸர்வருக்கு எதுக்கு வீண் வேலை?

செவ்வகம் · 4 மார்ச், காலை 10:40

வீண் வேலையே கிடையாது. க்வெரிக்கு முன்னாடி ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டு அதோட ப்ளானைப் பாருங்க. ‘ஆர்டர் பை ஐடி’ சேர்த்தாலும் எக்ஸ்ட்ரா காலத்துல (நெடுவரிசையில) ‘யூஸிங் ஃபைல்ஸார்ட்’, அதாவது தனியா ஸார்ட் பண்றேங்கிற குறிப்பு, வராது. ப்ரைமரி கீயை அப்படியே படிச்சா வரிசை தானா கிடைக்கும்னு ப்ளான் போடுற ஆப்டிமைசருக்குத் தெரியும். நீங்க மிச்சம் பிடிக்க நினைக்கிற செலவு பூஜ்யம்.

இப்போ மறுபக்கம். மாவட்டக் குறியீட்டுக்கு ஒரு இண்டெக்ஸ் போடுங்க. அப்புறம் ‘செலக்ட் ஐடி, மாவட்டம் ஃப்ரம் மாணவர்’. இன்னோடிபியோட செகண்டரி இண்டெக்ஸ் ஒவ்வொண்ணுலயும் ப்ரைமரி கீ ஒட்டிக்கிட்டே வரும். அதனால இந்த ரெண்டு காலமும் அந்தச் சின்ன இண்டெக்ஸுக்குள்ளயே கிடைச்சிடும். முழு டேபிளைப் படிக்கிறதை விட அது மலிவு, ஆப்டிமைசர் அதைத்தான் எடுக்கும். ரிசல்ட் மாவட்ட வரிசையில வரும். கோட்ல ஒரு எழுத்துகூட மாத்தலை, யாரோ ஒரு இண்டெக்ஸ் சேர்த்தாங்க, அவ்வளவுதான்.

மூணாம்_நார்மல் · 4 மார்ச், காலை 11:05

போஸ்ட்கிரஸ்ல இந்த மாயை அதைவிடச் சீக்கிரம் கலையும். பத்து ரோ இருக்கிற டேபிள்ல ஐடி 3-ஐ அப்டேட் பண்ணிட்டு செலக்ட் பண்ணுங்க, பெரும்பாலும் 3 கடைசியில போய் நிக்கும். அப்டேட்ங்கிறது அங்கே பழைய ரோவைத் திருத்துறது இல்லை. புது வெர்ஷன் ஒண்ணை வேற இடத்துல எழுதுறது. பின்னாடி வேக்யூம் வந்து இடத்தைக் காலி பண்ணும், அடுத்த இன்ஸர்ட் அந்தப் பொந்துல போய் உட்காரும்.

பெரிய டேபிள்னா இன்னொரு வேடிக்கை இருக்கு. ‘ஸிங்க்ரனைஸ்_ஸீக்ஸ்கேன்ஸ்’னு ஒரு ஸெட்டிங், டீஃபால்ட்டாவே ஆன். ஒருத்தர் டேபிளைப் பாதி படிச்சிட்டு இருக்கும்போது நீங்க அதே டேபிளைக் கேட்டா, அவர் இருக்கிற இடத்துல இருந்தே உங்களுக்கும் ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் போய், திரும்ப முதல்ல இருந்து மிச்சத்தைத் தரும். டிஸ்க்கை ரெண்டு தடவை படிக்காம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஷேர்டு பஃபர்ஸ்ல (போஸ்ட்கிரஸ் தனக்குன்னு ஒதுக்கின மெமரி) கால் பங்குக்கு மேல இருக்கிற டேபிள்ல மட்டும் நடக்கும். அதனால டெஸ்ட் மெஷின்ல ஒருநாளும் தெரியாது, ப்ரொடக்‌ஷன்ல கூட்ட நேரத்துல மட்டும் தலைகாட்டும். 9.6-ல வந்த பேரலல் ஸ்கேன்லயும் (பல ஒர்க்கர் டேபிளைப் பிரிச்சுப் படிக்கிறது) எந்த ஒர்க்கர் முதல்ல கொடுக்குதோ அது முதல்ல.

செவ்வகம் · 4 மார்ச், பகல் 12:20

‘இத்தனை வருஷமா ஓடுது’ன்னு சொல்றவங்களுக்கு: தானா வந்த வரிசை வெர்ஷன் மாறும்போது போயிருக்கு, ஒரு இடத்துல இல்லை, பல இடத்துல. ஆரக்கிள் 10ஜி ரிலீஸ் 2-ல ஸார்ட் பண்ணாமலே குரூப் பண்ற ஹேஷ் குரூப் பை வந்ததும் குரூப் பை வரிசையா வர்றது நின்னுச்சு. போஸ்ட்கிரஸ் 8.4-ல டிஸ்டிங்க்ட்டுக்கும் யூனியனுக்கும் அதே கதி. எஸ்க்யூஎல் ஸர்வர் 2005-ல வியூக்குள்ள ‘டாப் 100 பர்சென்ட் … ஆர்டர் பை’ன்னு ஒளிச்சு வச்ச வரிசையை ஆப்டிமைசர் கண்டுக்கவே இல்லை.

மைஎஸ்க்யூஎல்தான் கடைசி. 5.7 வரைக்கும் குரூப் பை போட்டா வரிசையா வரும்னு மேனுவலே சொல்லிச்சு. அந்த ஸார்ட் வேண்டாம்னா ‘ஆர்டர் பை நல்’ போடணும். 8.0-ல அதை எடுத்துட்டாங்க. 5.7-ல இருந்து 8-க்கு ஏறினப்போ ரிப்போர்ட் கலைஞ்சவங்க எல்லாம் இந்த வகையறாதான்.

பூட்டுச்சாவி · 4 மார்ச், மாலை 5:48

சரி, சேர்த்துட்டேன். ஆனா இன்னொரு பக்கம் ஆர்டர் பை இருந்தும் ஏமாத்துது. ‘ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க் லிமிட் 20 ஆஃப்செட் 0’ (டெஸ்க்னா இறங்குவரிசை, ஆஃப்செட்னா தாண்ட வேண்டிய ரோ), அடுத்த பக்கத்துக்கு ‘ஆஃப்செட் 20’. ஒரு மாணவர் ரெண்டு பக்கத்துலயும் வர்றார், இன்னொருத்தர் எதுலயுமே இல்லை. நடுவுல டேட்டா மாறவே இல்லை.

செவ்வகம் · 4 மார்ச், மாலை 6:15

87 மார்க் எத்தனை பேர்? முப்பது பேர் இருந்தா அந்த முப்பது பேருக்குள்ள யார் முன்னே யார் பின்னேன்னு நீங்க சொல்லவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் தனக்கு வசதியான மாதிரி கொடுக்கும். லிமிட் சின்னதா இருந்தா முழு ஸார்ட் பண்ணாம, மேல இருக்கிற தேவையான ரோக்களை மட்டும் ஒரு ப்ரையாரிட்டி க்யூல வச்சுக்கும் (போஸ்ட்கிரஸ் ப்ளான்ல ‘டாப்-என் ஹீப்ஸார்ட்’னு தெரியும்). ஆஃப்செட் கூடக்கூட அந்த க்யூ பெருசாகும், ஒரு கட்டத்துல சாதா ஸார்ட்டுக்கு மாறிடும். அல்காரிதம் மாறினா சமமான ரோக்களோட இடமும் மாறும்.

மருந்து: ‘ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க், ஐடி டெஸ்க்’. கடைசிக் காலம் யூனிக்கா இருக்கணும். தேதி போட்டேன், மைக்ரோசெகண்ட் வரைக்கும் இருக்கு, போதாதான்னு கேட்பாங்க. போதாது. மொத்தமா இன்ஸர்ட் பண்ணின ஐயாயிரம் ரோவுக்கும் ‘நவ்’ ஒரே நேரத்தைத்தான் கொடுக்கும்.

மூணாம்_நார்மல் · 4 மார்ச், இரவு 9:02

அதோட ஆஃப்செட்டையும் தூக்கிடுங்க. ‘லிமிட் 20 ஆஃப்செட் 100000’னா 1,00,020 ரோவைப் படிச்சு ஒரு லட்சத்தைக் குப்பையில போடுறதுதான். அதுக்குப் பதிலா முந்தின பக்கத்தோட கடைசி ரோவை நினைவு வச்சுக்கிட்டு:

‘வேர் (மதிப்பெண், ஐடி) < (87, 5312) ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 20’

(மதிப்பெண், ஐடி) இண்டெக்ஸ் இருந்தா நூறாவது பக்கமும் முதல் பக்கமும் ஒரே வேகம். ‘37-ம் பக்கத்துக்குப் போ’ பட்டன் மட்டும் வைக்க முடியாது.

செவ்வகம் · 5 மார்ச், காலை 9:30

மேலே உள்ளதை அப்படியே மைஎஸ்க்யூஎல்ல போடாதீங்க. எர்ரர் எதுவும் வராது, ரிசல்ட்டும் சரியாத்தான் வரும். ஆனா அடைப்புக்குறிக்குள்ள ஜோடியா வச்சு < போட்டா ரேஞ்ச் ஆப்டிமைசர் அதை இண்டெக்ஸ்ல இறங்குறதுக்குப் பயன்படுத்தாது. விரிச்சு எழுதணும்:

‘வேர் மதிப்பெண் <= 87 அண்ட் (மதிப்பெண் < 87 ஆர் ஐடி < 5312)’

முதல் நிபந்தனைதான் இண்டெக்ஸ்ல எங்கே இறங்கணும்னு காட்டுறது, அதை விட்டுடாதீங்க. எஸ்க்யூஎல் ஸர்வர்ல ஜோடி ஒப்பீடே கிடையாது, அங்கேயும் இதுதான் வழி. மதிப்பெண் டெஸ்க், பெயர் அஸ்க்னு (ஏறுவரிசை) திசை கலந்தா போஸ்ட்கிரஸ்லயும் ஜோடி வடிவம் உதவாது.

இண்டெக்ஸ்லயும் திசை கலக்கணும்னா: மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்னாடி இண்டெக்ஸ்ல ‘டெஸ்க்’ எழுதினா வாங்கிக்கும், ஆனா சத்தமில்லாம அஸ்க்காவே போட்டுடும்.

மூணாம்_நார்மல் · 5 மார்ச், காலை 9:51

சரிதான். நான் சொன்னது போஸ்ட்கிரஸுக்கு மட்டும். இன்னொரு ஓட்டையும் இருக்கு: மதிப்பெண் நல்லா இருந்தா ‘நல் < 87’ உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. இந்த ‘வேர்’ இருக்கிற எந்தப் பக்கத்துலயும், அதாவது ரெண்டாம் பக்கத்துல இருந்து, பரீட்சைக்கு வராதவங்க வரமாட்டாங்க.

பூட்டுச்சாவி · 5 மார்ச், காலை 10:20

‘நல்லா இருந்தா’ன்னா நல்-ஆ (மதிப்பே பதியாதது), நன்றா? 😄

வராதவங்கன்னதும்தான் கவனிச்சேன். இதே ஆப் போஸ்ட்கிரஸுக்கும் ஓடுது. அங்கே ரேங்க் லிஸ்ட்ல ஆப்சென்ட் ஆனவங்கதான் முதல் ரேங்க்.

மூணாம்_நார்மல் · 5 மார்ச், காலை 10:44

போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் நல்-ஐ எல்லா மதிப்பையும் விடப் பெருசா வைக்கும். அஸ்க்ல கடைசி, டெஸ்க்ல முதல். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் ஸர்வர், எஸ்க்யூஎல்லைட் மூணும் நேர் எதிர், எல்லாத்தையும் விடச் சின்னது. அதனாலதான் ஒரே கோட் ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தலைகீழ்.

‘ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க் நல்ஸ் லாஸ்ட், ஐடி டெஸ்க்’ போடுங்க. ஆனா இண்டெக்ஸும் அதே மாதிரி ‘மதிப்பெண் டெஸ்க் நல்ஸ் லாஸ்ட்’னு இருக்கணும். சாதா இண்டெக்ஸைப் பின்னாடி இருந்து படிச்சா கிடைக்கிறது ‘டெஸ்க் நல்ஸ் ஃபர்ஸ்ட்’. அது பொருந்தாது, ப்ளான்ல ஸார்ட் நோட் வந்து உட்கார்ந்துக்கும். காலம் ‘நாட் நல்’ஆ இருந்தாலும் இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும், அதனால நாட் நல் காலத்துக்கு வீணா நல்ஸ் லாஸ்ட் எழுதாதீங்க.

எஸ்க்யூஎல்லைட்ல 3.30-ல இருந்து நல்ஸ் லாஸ்ட் உண்டு. மைஎஸ்க்யூஎல்ல இல்லை. அங்கே அஸ்க்ல கடைசிக்குத் தள்ளணும்னா ‘ஆர்டர் பை மதிப்பெண் இஸ் நல், மதிப்பெண்’.

எழுத்தெண்ணி · 5 மார்ச், பிற்பகல் 3:10

எண்களோடு நின்றுவிட்டீர்கள். மாணவர் பட்டியல் என்றால் பெயர் வரிசையும் கேட்பார்கள், பெயர்கள் தமிழில் இருந்தால் பாதி இடங்களில் அது தப்பாகத்தான் வரும்.

இந்த ஏழு பெயர்களை ஒரு டேபிளில் போட்டு, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) ‘சி’ என்றோ மைஎஸ்க்யூஎல்லில் ‘ஜெனரல்_சிஐ’ என்றோ வைத்து வரிசைப்படுத்துங்கள். வருவது:

அன்பு, அபிராமி, அருள், அறிவு, அலமேலு, அழகு, அவினாசி

பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை:

அபிராமி, அருள், அலமேலு, அவினாசி, அழகு, அறிவு, அன்பு

காரணம் யூனிகோடு எண்கள். நமது நெடுங்கணக்கில் ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று முடிகிறது. யூனிகோடில் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல-வை அடுத்து ள, ழ, அப்புறம்தான் வ. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடுக்கை வைத்து இடம் ஒதுக்கினார்கள், இஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய இந்தியக் குறியீட்டு முறை) காலத்து ஏற்பாடு. எண்ணை எண்ணாக ஒப்பிட்டால் அந்த அடுக்குதான் கிடைக்கும்.

மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பான ‘யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ’ யூனிகோடு கொலேஷன் அட்டவணை 9.0-ஐப் பின்பற்றுகிறது. அதில் மேலே உள்ள ஏழும் சரியாக வரும். ஆனால் புள்ளியில் இடறும். ‘அக்கா’, ‘அகம்’ இரண்டில் அகராதியில் எது முதலில்? அக்கா. க் முதலில், பிறகு க, கா, கி. கணினியில் க் என்பது க-வோடு புள்ளி சேர்ந்த இரண்டு குறியீடுகள், புள்ளியின் மதிப்பு எல்லா எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் அங்கே அகம் முந்திக்கொள்ளும். தமிழுக்கென்று தனிக் கொலேஷன் மைஎஸ்க்யூஎல்லில் இல்லை.

போஸ்ட்கிரஸில் 10 முதல் ஐசியு (யூனிகோடு நூலகம்) கொலேஷன்கள் வந்தன:

‘ஆர்டர் பை பெயர் கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியு"’

நடுவே கோடு இருப்பதால் இரட்டை மேற்கோள் கட்டாயம். இதில் புள்ளி எழுத்தும் அகராதி முறைப்படி வரும்.

எழுத்தெண்ணி · 5 மார்ச், பிற்பகல் 3:42

விட்டுப்போனது. ‘கொ’ என்பதை க + ொ என்றும் எழுதலாம், க + ெ + ா என்றும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய தரவில் இரண்டாவது வகை நிறைய இருக்கும். பைட்டுகளை ஒப்பிடும் கொலேஷனில் ‘கொடி’ இரண்டு இடத்தில் தனித்தனியாக நிற்கும், யூனிக் இண்டெக்ஸும் இரண்டையும் உள்ளே விடும். சேமிக்கும்போதே என்எஃப்சி (யூனிகோடின் ஒரே சீரான) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் உண்டு.

ஸ்ரீ தனிக்கதை. ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இதை ஒன்றாக்காது, நீங்களேதான் ஒரு பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்ரீதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

மூணாம்_நார்மல் · 5 மார்ச், மாலை 4:30

கொலேஷன்னதும் ஒரு எச்சரிக்கை. ஓஎஸ் கொடுக்கிற கொலேஷனை நம்பியிருந்தா, ஓஎஸ் மாறும்போது வரிசையும் மாறும். 2018 ஆகஸ்ட்ல ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை நூலகம்) 2.28 வந்தப்போ வரிசை விதிகள் பெரிய அளவுல மாறிச்சு. டெபியன் 9-ல இருந்து 10-க்கோ, ரெட் ஹேட் 7-ல இருந்து 8-க்கோ டேட்டா டைரக்டரியை அப்படியே தூக்கிட்டுப் போனா, டெக்ஸ்ட் காலத்து பிட்ரீ (சாதா வகை) இண்டெக்ஸ் எல்லாம் பழைய வரிசையில அடுக்கியிருக்கும், தேடுறது புது வரிசையில. இருக்கிற ரோவைத் தேடினா இல்லைன்னு சொல்லும். யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருந்தும் டூப்ளிகேட் ஏறும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் பயம்.

ரெப்ளிகா (நகல் ஸர்வர்) ஒரு ஓஎஸ், ப்ரைமரி ஒரு ஓஎஸ்னாலும் இதே கூத்து. மாத்தின உடனே, அப்ளிகேஷனைத் திறக்கிறதுக்கு முன்னாடி, டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாத்துக்கும் ‘ரீஇண்டெக்ஸ்’. சந்தேகம்னா ‘ஏஎம்செக்’ எக்ஸ்டென்ஷன்ல ‘பிடி_இண்டெக்ஸ்_செக்’ ஓட்டிப் பாருங்க. ஐசியு வெர்ஷன் மாறினாலும் இதே வேலைதான், ஆனா அங்கே வெர்ஷன் பொருந்தலைன்னு வார்னிங்காவது வரும். மனுஷங்க பார்க்காத காலம்னா (டோக்கன், யூயூஐடி டெக்ஸ்ட், கோட்) ‘சி’ கொலேஷன் வச்சிடுங்க. வேகமும் கூட.

பூட்டுச்சாவி · 6 மார்ச், காலை 11:15

யூஸர் எந்தக் காலத்தை க்ளிக் பண்றாரோ அதுல ஸார்ட் ஆகணும். ‘ஆர்டர் பை ?’ போட்டு அந்த ? இடத்துல ‘பெயர்’னு பைண்ட் பண்றேன். எர்ரரும் இல்லை, ஸார்ட்டும் இல்லை.

செவ்வகம் · 6 மார்ச், காலை 11:22

பைண்ட் பண்ணினா அது மதிப்பு, காலத்தோட பெயர் இல்லை. எல்லா ரோவுக்கும் ஒரே ஸ்ட்ரிங் மாறிலி, அதை வச்சு எதை ஸார்ட் பண்றது? 2-ன்னு எண்ணை பைண்ட் பண்ணினாலும் ரெண்டாவது காலம்னு எடுத்துக்காது.

அதுக்காக யூஸர் அனுப்பினதை அப்படியே ஸ்ட்ரிங்ல ஒட்டிடாதீங்க, இஞ்செக்‌ஷனுக்கு (யூஸர் தன் சொந்தக் கட்டளையை உள்ளே நுழைக்கிறது) வாசல் அதுதான். கோட்ல ஒரு மேப் வையுங்க: ‘பெயர்’ வந்தா ‘பெயர், ஐடி’, ‘மார்க்’ வந்தா ‘மதிப்பெண் டெஸ்க், ஐடி டெஸ்க்’, வேற எது வந்தாலும் டீஃபால்ட். டை-ப்ரேக்கரும் (சமமான ரோக்களைப் பிரிக்கிற ஐடி) அந்த மேப்புக்குள்ளயே இருக்கட்டும்.

பூட்டுச்சாவி · 6 மார்ச், பகல் 1:40

வகுப்பு: 10-அ, 11-ஆ, 6-அ, 9-இ. இப்படித்தான் வருது.

செவ்வகம் · 6 மார்ச், பகல் 1:52

ஸ்ட்ரிங். ‘1’ ‘6’-க்கு முன்னாடி. வகுப்பு எண், பிரிவு ரெண்டையும் தனித்தனி காலமாப் பிரிங்க. தேதியை ‘நாள்-மாதம்-வருஷம்’னு டெக்ஸ்ட்ல வச்சிருக்கிறவங்களுக்கும் இதே பதில்.

எழுத்தெண்ணி · 6 மார்ச், பிற்பகல் 2:30

பிரிக்க முடியாத பழைய தரவு என்றால், போஸ்ட்கிரஸில் ஐசியு கொலேஷன் உருவாக்கும்போது லொகேலை ‘டிஏ-யு-கேஎன்-ட்ரூ’ என்று கொடுங்கள். ஸ்ட்ரிங்கில் வரும் இலக்கங்களை எண்ணாகவே ஒப்பிடும், 6-அ முதலில் வரும். தமிழ் வரிசையும் கெடாது. பட்டா எண், கதவு எண் போன்றவற்றுக்கு நன்றாக உதவும்.

பூட்டுச்சாவி · 7 மார்ச், காலை 9:58

எக்ஸ்ப்ளெய்ன்ல ‘யூஸிங் ஃபைல்ஸார்ட்’. டிஸ்க்குல எழுதுதா? அதே க்வெரி போஸ்ட்கிரஸ்ல ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ் டிஸ்க்’னு காட்டுது.

மூணாம்_நார்மல் · 7 மார்ச், காலை 10:25

ஃபைல்ஸார்ட்ங்கிற பேரை நம்பாதீங்க. இண்டெக்ஸ்ல இருந்து வரிசை கிடைக்கலை, தனியா ஸார்ட் பண்றேன்னு மட்டும்தான் அர்த்தம். மெமரியிலேயே முடிஞ்சாலும் அப்படித்தான் காட்டும். உண்மையிலேயே டிஸ்க்குக்குப் போகுதான்னு பார்க்க ‘ஸார்ட்_மெர்ஜ்_பாஸஸ்’ ஏறுதான்னு பாருங்க. ‘ஸார்ட்_பஃபர்_சைஸ்’ டீஃபால்ட் 256 கேபி.

போஸ்ட்கிரஸ்ல ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ்’னா நிஜமாவே டிஸ்க். ‘ஒர்க்_மெம்’ டீஃபால்ட் 4 எம்பி, அதைத் தாண்டிடுச்சு. டிஸ்க் 50 எம்பின்னு காட்டினா 50 வச்சா பத்தாது, மெமரியில அதே ரோக்கள் இன்னும் இடம் பிடிக்கும். ஆனா கான்ஃபிக் ஃபைல்ல பொதுவா ஏத்தாதீங்க. அது கனெக்‌ஷனுக்கு இவ்வளவுன்னு இல்லை, ப்ளான்ல இருக்கிற ஒவ்வொரு ஸார்ட்டுக்கும் இவ்வளவு. 64 எம்பி, 200 கனெக்‌ஷன், ஆளுக்கு ரெண்டு ஸார்ட்னா 25 ஜிபி. அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ள ‘ஸெட் லோக்கல் ஒர்க்_மெம்’ போதும்.

அதுக்கும் முன்னாடி ‘செலக்ட் *’-ஐ எடுங்க. ஸார்ட் பண்ற ரோவோட ஃபோட்டோ, முகவரி, குறிப்புன்னு எல்லாம் கூடவே அலையுது.

செவ்வகம் · 7 மார்ச், காலை 11:40

இண்டெக்ஸ் வச்சே தப்பிக்கலாம்னா: ‘வேர் பள்ளி = 17 ஆர்டர் பை மதிப்பெண் டெஸ்க்’க்கு (பள்ளி, மதிப்பெண்) இண்டெக்ஸ். சமக்குறி முதல்ல, ஸார்ட் காலம் அடுத்து. ‘பள்ளி இன் (17, 18)’னு ஆனதும் அந்த வரிசை உடைஞ்சிடும். ரெண்டு பள்ளியும் தனித்தனியா வரிசையில இருக்கு, சேர்த்தா இல்லை.

இதோட எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ‘வேர் நிலை = பாக்கி ஆர்டர் பை ஐடி லிமிட் 1’. ஐடி வரிசையில நடந்தா சீக்கிரமே ஒண்ணு கிடைச்சிடும்னு ஆப்டிமைசர் கணக்குப் போட்டு ப்ரைமரி கீயைப் பிடிக்கும். பாக்கி எல்லாம் கடைசியில குவிஞ்சிருந்தா முழு டேபிளையும் நடந்து முடிக்கும். லிமிட்டை எடுத்தா க்வெரி வேகமாகுதுன்னா இதுதான் நோய். (நிலை, ஐடி) இண்டெக்ஸ்தான் சரியான வைத்தியம். அவசரத்துக்கு ‘ஆர்டர் பை ஐடி + 0’ன்னு எழுதினா ப்ரைமரி கீ வழி அடைபடும். மைஎஸ்க்யூஎல் 8.0.21-ல இருந்து ‘ப்ரிஃபர்_ஆர்டரிங்_இண்டெக்ஸ்’-ஐ ஆஃப் பண்ணவும் வழி இருக்கு.

பூட்டுச்சாவி · 8 மார்ச், மாலை 4:05

பெயர் வரிசைக்கு ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ போட்டாச்சு, அக்கா அகத்துக்கு முன்னாடி வந்தாச்சு. பெயர் காலத்துல இண்டெக்ஸ் இருக்கு, ஆனா எடுக்க மாட்டேங்குது.

எழுத்தெண்ணி · 8 மார்ச், மாலை 4:31

இண்டெக்ஸ் எந்தக் கொலேஷனில் கட்டப்பட்டதோ அந்த வரிசையை மட்டுமே அது தரும். ‘க்ரியேட் இண்டெக்ஸ் ஆன் மாணவர் (பெயர் கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியு", ஐடி)’ என்று இன்னொன்று கட்டுங்கள். அல்லது காலத்தின் கொலேஷனையே மாற்றிவிட்டால் ஒவ்வொரு க்வெரியிலும் எழுத வேண்டாம். மாற்றும்போது அந்தக் காலத்து இண்டெக்ஸ்கள் மறுபடி கட்டப்படும், டேபிள் பூட்டப்படும், பகலில் செய்யாதீர்கள்.

‘பெயர் லைக் அரு%’ என்று தேடுவதற்கு இந்த இண்டெக்ஸ் உதவாது. அதற்கு ‘டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ்’ வைத்துத் தனியாக ஒன்று வேண்டும். தேடல் பெட்டி இருக்கிறதா?

பூட்டுச்சாவி · 8 மார்ச், மாலை 4:33

இருக்கு. ‘லைக் %அரு%’.

செவ்வகம் · 8 மார்ச், மாலை 4:40

முன்னாடியும் சதவீதக் குறியா! அதுக்கு பிட்ரீ எதுவுமே உதவாது. ‘பிஜி_டிஆர்ஜிஎம்’ எக்ஸ்டென்ஷன் பக்கம் போகணும். வேற இழை தொடங்குங்க.